ஆணி அடித்த அரை ரூபாய்

நயா பைசா வருவதற்கு முந்தின வருஷம். நான் திருமயத்தில் வாத்தியார். பழைய காசு சேர்க்கும் பைத்தியம் உண்டு. பொன்னமராவதிச் சந்தையில் வாங்கிய காசுகளுக்கு நடுவே ஓர் அரை ரூபாய், முகம் பார்க்கலாம் போல மின்னியது. என்னிடமிருந்த நாணயப் பட்டியலை முழுக்கப் புரட்டினேன். அப்படி ஒரு காசே அதில் இல்லை.

கள்ளக்காசோ என்று சந்தேகம் வந்தது. அந்த மாதம்தான் பக்கத்து ஊரில் கள்ளக்காசு அடித்தவர்களைப் பிடித்திருந்தார்கள். விவரம் கேட்டு, காசு சேர்க்கும் சென்னை நண்பருக்குக் கடிதம் போட்டேன். பதில் வரும்வரை பயம் பொறுக்க விடவில்லை. மளிகைக்கடைக்காரரிடம் காட்டினேன்.

“இம்புட்டுப் பளபளப்பா சர்க்கார் எங்க சார் அடிக்குது? வச்சிருந்தீங்கன்னா உள்ள தள்ளிருவாங்க. இங்கிட்டு குடுங்க.”

அந்த நேரம் பார்த்து ஏட்டய்யா வெற்றிலை வாங்க வந்தார். சட்டென்று கொடுத்துவிட்டேன். கள்ளக்காசு மறுபடி புழங்காமலிருக்க ஆணியடித்து வைக்கும் பலகை அந்தக் கடையில் இருந்தது. காசின் நடுவில் ஆணி இறங்கியது. ஏட்டய்யா சிரித்துக்கொண்டே போனார். எனக்கு உயிர் வந்தது.

நான்காம் நாள் நண்பரின் பதில் வந்தது. “அதில் விரல்கூடப் படக் கூடாது. நாணயச்சாலையில் புழக்கத்துக்கு விடாமல், பார்வைக்கென்று சிலதே அடிக்கும் ப்ரூஃப் காசு அது. எந்தப் பட்டியலிலும் இன்னும் ஏறவில்லை. பத்திரம்!”

குறடோடு கடைக்கு ஓடினேன்.

ஓட்டை விழுந்த அந்தக் காசு இன்றும் என் பெட்டியில் இருக்கிறது. இப்போதெல்லாம் புத்தகத்தில் இல்லாத காசு கிடைத்தால், நான் முதலில் சந்தேகப்படுவது புத்தகத்தைத்தான்.