வாய்க்கரிசி போட்ட கை

எங்கள் அக்காள் தூத்துக்குடியில், துறைமுகம் போகும் சாலையில் மளிகைக் கடை வைத்திருந்த குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்தார்கள். கப்பல் கம்பெனியில் வேலை பார்த்த அத்தானைக் கைப்பிடித்து ஹாங்காங் போனார்கள். அவர்கள் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவர்களைப் புகழ்ந்து எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன். எனக்கு ஏற்பட்ட அருவருப்பையும் சேர்த்தே எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

அந்த ஊரில் பார்க்குமிடமெல்லாம் சீனர்கள். முதல் பிரசவத்தில், எங்கே வலிக்கிறது என்று நர்ஸ் சீனத்தில் கேட்டது அக்காளுக்குப் புரியவில்லை. பிள்ளை தங்கவில்லை. அழுது ஓய்ந்த பிறகு, காய்கறிச் சந்தையில் நின்று நின்றே அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டார்கள். அதன்பின் நேபாளி, பாகிஸ்தானி, நம்மூர்க்காரி என்று யார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், பேசுவதற்கு அக்காள் கூடவே போவார்கள். வாடகை வீடு பிடித்துக் கொடுப்பதும் அவர்கள்தான். போனில் அவர்களுடைய சீனப் பேச்சைக் கேட்ட வீட்டுக்காரர்கள் உடனே வரச் சொல்வார்களாம். வாசலில் கறுத்த முகங்களைக் கண்டதும், வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்தாயிற்று என்பார்களாம்.

“சீ, அந்த இளிப்பைப் பாக்கணுமே! கதவைப் பாதி தொறந்து வச்சிக்கிட்டு இளிப்பான். அதுக்கு நாலு ஏச்சு ஏசிட்டாக்கூடத் தேவலைளா” என்று என்னிடம் சொல்வார்கள்.

அப்படித் துரத்தப்பட்டவர்களில் ஒருத்தி மாயா. நேபாளத்துப் பெண், கையில் குழந்தை. வீடு கிடைக்கும்வரை அவளை அக்காள் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள்.

அத்தான் காலமானபின் அக்காள் நோயோடு ஊர் திரும்பினார்கள். சேதி தெரிந்ததும் மாயா பின்னாலேயே வந்துவிட்டாள். குளிப்பாட்டியது, மலம் அள்ளியது, கஞ்சி ஊட்டியது எல்லாம் அவள்தான். நம் சொந்தங்களும் வந்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். மாயா நீட்டிய காப்பியைத் தொடாமல், “இவ என்ன சாதி?” என்று என் காதைக் கடித்தார்கள். அந்தக் காப்பியை நானே எடுத்துக் குடித்தேன்.

அக்காள் கண்மூடிய அன்று, வாய்க்கரிசி போடுகிறவர்களின் வரிசையில் மாயாவும் நின்றாள். பெரிய மாமா கையை நீட்டித் தடுத்தார்.

“ஏளா, நீ அங்கன தள்ளி நில்லு. இது சொந்தக்காரவுக போடுதது.”

மாயாவுக்கு அரைகுறைத் தமிழ்தான். ஆனாலும் அந்தக் கை புரிந்தது. சுவரோரம் ஒதுங்கிக்கொண்டாள். அரிசித் தட்டைப் பிடுங்கிக்கொண்டு அவளிடம் போனேன்.

“மாமா, மாசக்கணக்கா இந்த வாய்க்குக் கஞ்சி ஊட்டுனவ இவ. நீங்க எட்ட நின்னு பாத்திய. இவ போடாம எங்க அக்காவை எடுக்க விடமாட்டேன். யாரு தூக்குதான்னு பாக்கேன்!”

“எழவு வீட்டுல என்ன சண்டை?” என்றார்கள் யாரோ. நான் அசையவில்லை. தூக்க வந்தவர்களும் பாடையருகே அப்படியே நின்றுவிட்டார்கள். கடைசியில் மாயா வந்து போட்டாள். பெரிய மாமாவும் அவரோடு சிலரும் சுடுகாட்டுக்கு வராமலே கிளம்பிவிட்டார்கள்.

அதே மாமா போன வாரம் போன் செய்து, இந்த மலருக்கு வாசகம் சொல்கிறார்: ‘அயல்நாட்டில் அல்லலுற்றோருக்கு அன்னையாய் விளங்கியவர்.’ தூ! போடமாட்டேன் என்றேன். “சரி, அந்த நேபாளக்காரி பேரை நன்றி சொல்லுத எடத்துல ஓரமாப் போட்டுக்கோ” என்றார்.

நன்றிக்குரியவர்களைச் சொல்லிவிடுகிறேன். வீடு தேடி வந்து பார்த்த டாக்டரம்மா, கூப்பிட்ட நேரமெல்லாம் ஆட்டோ கொண்டுவந்த பக்கத்து வீட்டு அண்ணாச்சி, பாடை தூக்கிய தெருக்காரர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி. மாலையோடு வந்துபோன சொந்தங்களுக்கும் நன்றி. மாயாவுக்கு நன்றி கிடையாது. வீட்டு ஆளுக்கு யாரும் நன்றி போடுவதில்லை.

துயருடன்,
தங்கைகள்
இசக்கியம்மாள், மாயா