இறக்கிய கை

வாக்குச்சீட்டு வந்து ஒரு கிழமைக்கு மேலாகிறது. உறை பிரிக்கப்படாமல் சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. சுவிஸில் வருடத்துக்குப் பலமுறை இப்படி ஓர் உறை வரும். அரசாங்கம் எங்களிடம் அபிப்பிராயம் கேட்கும். ஒருமுறை, கொம்போடு மாடு வளர்ப்பவர்களுக்கு உதவிப்பணம் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். நான் இலங்கையின் கோப்பாய்க் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவன். கொம்புள்ள மாட்டிடமும் கொம்பில்லாத மாட்டிடமும் முட்டு வாங்கியவன். ஆனாலும் மாட்டைப் பற்றி அதுவரை ஒருவரும் என்னிடம் அபிப்பிராயம் கேட்டதில்லை. பெருமை தாங்காமல் அன்றைக்கே ‘யா’, அதாவது ஆம், என்று எழுதி அனுப்பினேன்.

“என்னப்பா, உந்தச் சீட்டை இன்னும் நிரப்பேல்லையோ? வந்த அண்டைக்கே நிரப்பிற ஆளெல்லோ நீங்கள்” என்றாள் மனைவி.

“பிறகு பாப்பம்” என்றேன். கோப்பாயில் நடந்ததை அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இந்த நாட்டுப் பிரஜாவுரிமையை எனக்குச் சும்மா தூக்கித் தரவில்லை. வருடக்கணக்காக வரி கட்டி, ஜெர்மன் மொழியான டொச் படித்து, குப்பையைச் சரியான பையில் சரியான நாளில் வைத்துக் காத்திருந்தேன். கடைசியில் ‘கெமைண்ட’ என்கிற ஊர்ச்சபையில் நேர்முகம் நடந்தது. அங்கிருந்த ஒரு கமக்காரர், “உங்களுக்கு டஹைம் எங்கே?” என்று கேட்டார். மனம் எங்கே ஒட்டியிருக்கிறது என்பதுதான் கேள்வி. எனக்கு விளங்கியது வீட்டு விலாசம். வீதியின் பெயர், கட்டட இலக்கம், எத்தனையாம் மாடி, லிஃப்டுக்கு இடதுபக்கக் கதவு என்று ஒப்புவித்தேன். அவர்கள் சிரித்துச் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். பிழையான விடைக்கு நான் புள்ளி வாங்கிய பரீட்சை அது ஒன்றுதான்.

பிறகு என்னைச் சேர்ப்பதா என்று முடிவெடுக்க ஊர்க்கூட்டம் கூடியது. என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். கதவுக் கண்ணாடியூடாகக் கைகள் உயர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பேக்கரிக்காரர் கை உயர்த்தினார். என் மிளகாய்த்தூள் வாசத்துக்கு ஜன்னலை அடித்துச் சாத்தும் பக்கத்து வீட்டுக் கிழவியும் உயர்த்தினார். கண் கலங்கிவிட்டது. சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த இடம் எழுதுவதில்லை. ‘ஹைமாட்ஓர்ட்’ என்று சொந்த ஊரைத்தான் எழுதுவார்கள். என்னுடையதில் அந்த மலையடிவாரக் கிராமத்தின் பெயர் இருக்கிறது. அதைப் பெற்றதோடு இலங்கைப் பிரஜாவுரிமை தானாகவே கழன்றுவிட்டது. தனியாக விண்ணப்பித்தால் இரண்டையும் வைத்திருக்கலாம் என்றார்கள். பிறகு பார்ப்போம் என்று விட்டேன். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை.

போன ஆவணி விடுமுறைக்குத் தனியாகக் கோப்பாய் போயிருந்தேன். எங்கள் வீடு வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். போகும்போது நான்தான் திறப்பேன். அந்தக் கிழமை சனசமூக நிலையத்தில் எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுகிய தெருவில், குடியிருப்பவர்களின் கூட்டம் இருந்தது. மாரி தொடங்கினால் ஒழுங்கை வெள்ளம் தவமணி அக்காவின் குசினிக்குள் போய்விடும். அவர் தனியாக இருப்பவர், தையல் மெஷினைக் கட்டிலில் ஏற்றிவைத்துவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மழைக்கு முன் வாய்க்கால் வெட்டவேண்டும். மேற்குப் பக்கமாக வெட்டினால் சில நாளில் முடிந்துவிடும், ஆனால் என் கேற்றடியில் மாபிள் பதித்த படி உடையும். கிழக்குப் பக்கமாகவென்றால் தோட்டங்களைச் சுற்றிப் போகவேண்டும். அதற்குள் இந்த மாரி வந்துவிடும்.

யாரும் அழையாமலேயே நான் எழுந்து பேசினேன். “எங்கடை ஊரிலை எந்த விசயமெண்டாலும் எல்லாரும் கூடிக் கை உயர்த்தித்தான் முடிவெடுக்கிறது” என்று தொடங்கினேன்.

முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். “எங்கடை ஊரிலையோ? இஞ்சை எப்பவடா தம்பி கை உயர்த்தினவை?”

நான் சொன்னது சுவிஸ் கிராமத்தை. அது எனக்கே அப்போதுதான் உறைத்தது. சனம் சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்து மழுப்பினேன். ஆனாலும் நான் சொன்ன முறை நல்லது என்று கை உயர்த்தவே முடிவாயிற்று. நிலையத்தின் செயலாளர் ரஜிதா, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற பிள்ளை, “கிழக்குப் பக்கம் எண்டுறவை கை உயர்த்துங்கோ” என்றாள். மாபிள் படி கண்ணுக்குள் வந்தது. கை தானாகவே மேலே போனது. சுவிஸில் பழகிய கை, நன்றாக நிமிர்ந்து நின்றது.

ரஜிதா எண்ணிக்கொண்டு வந்தவள் என்னிடம் நின்றாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.

“அண்ணை, குறை நினையாதேங்கோ. இஞ்சத்தை வாக்காளர் இடாப்பிலை பேருள்ள ஆக்கள்தான் உயர்த்தலாம். நீங்கள் கையை இறக்குங்கோ.”

இறக்கினேன். உரிமை இல்லை என்றது மட்டும் வெட்கமில்லை. கையை இறக்கும்போது எதிரே இருந்த தவமணி அக்காவைப் பார்த்துவிட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் குனிந்து சேலைத் தலைப்பை மடித்துக்கொண்டிருந்தார். எனக்காக ஒட்டோ உறவோ இல்லாத வெள்ளைக்காரர் கை உயர்த்தினார்கள். நான் கை உயர்த்தியது ஒரு மாபிள் படிக்காக.

என் கை இல்லாமலேயே மேற்குப் பக்கம் என்று முடிவானது. அடுத்த நாள் காலை ஒழுங்கையே சிரமதானத்துக்கு, கூலியில்லாமல் கூடி வெட்ட, இறங்கியது. வாக்கு இல்லாவிட்டால் என்ன, வேலையாவது செய்வோம் என்று மண்வெட்டியோடு போனேன். தவமணி அக்கா மண்வெட்டியை வாங்கிவிட்டார். சின்ன வயதில் என்னை “எடேய்” என்று கூப்பிட்டவர்.

“நீங்கள் இருங்கோ தம்பி. வெயில் ஒத்துக்கொள்ளாது.”

நீங்கள் என்றார். ஒரு பிளாஸ்ரிக் கதிரை வந்தது, தேத்தண்ணியும் வந்தது. வேலை நகர நகர, யாராவது கதிரையையும் நகர்த்திவைத்தார்கள். என் கேற்றடிக்கு வந்ததும் எல்லோரும் நின்றார்கள்.

“உடைக்கட்டோ அண்ணை?” என்று ரஜிதா கேட்டாள்.

“ஓம்” என்றேன். ஊரில் என் அபிப்பிராயம் கேட்ட ஒரே கேள்வி அது.

மத்தியானம் அன்றைய வேலை முடிந்தபோது ஒழுங்கைக்கும் என் வீட்டுக்கும் நடுவில் வாய்க்கால் கிடந்தது. நான் இந்தப் பக்கம், வீடு அந்தப் பக்கம். அவர்கள் குறுக்கே ஒரு பலகை போட்டார்கள். நான் தயங்குவதைக் கண்ட தவமணி அக்கா, சேறு படிந்த கையைச் சேலையில் துடைத்துவிட்டு, முதல்நாள் நான் உயர்த்திய அதே கையைப் பிடித்தார்.

“பாத்து வாங்கோ தம்பி. உங்களுக்கு இடம் பழக்கமில்லை.”