வக்கீலின் திமிலில் ஒரு ஆள்

என் மனைவி ரூத்தின் கண்ணுக்கு மனிதர்கள் எல்லாம் நடமாடும் துணிகள். பசுமலையில் இருபத்தெட்டு வருஷம் டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், இப்போது அவனியாபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் குயில்ட் செய்கிறாள். பழைய துணிகளை வெட்டி, பஞ்சு வைத்த விரிப்பின் மேல் அடுக்கி, படமாகத் தைக்கிற வேலை. தெருவில் அதற்குப் பெயர் கந்தல் படம். சர்ச்சில் கைகுலுக்கிச் சமாதானம் சொல்லும்போதே, "இந்தச் சட்டை எப்பங்க கிழியும்?" என்று பக்கத்து ஆளிடம் கேட்டிருக்கிறாள். அவள் தைத்த அழகர்கோவில் மலை முழுக்க என் பேண்ட்டுகள். அத்தனையும் நல்ல பேண்ட்டுகள்.

போன வருஷம் அவள் வக்கீலைத் தைக்க உட்கார்ந்தாள். வக்கீல் என்பது எதிரே லேத் பட்டறை வைத்திருக்கும் நல்லகாமனின் ஜல்லிக்கட்டுக் காளை. யாருக்கும் மடங்காது என்பதால் அந்தப் பெயர். ஆறு வருஷமாக எந்த வாடிவாசலிலும் அதன் திமிலை ஒருத்தனும் தாவிப் பிடித்து அணைந்ததில்லை. நல்லகாமன் வணக்கம் சொல்வதற்கு முன்னால் இதைத்தான் சொல்வார். பட்டறைச் சுவரில் தொங்கவிட ஒரு படம் வேண்டும் என்று அவரேதான் கேட்டார்.

செவலை நிறத்துக்குத் துணி தேடியவள் என் கல்யாணக் கோட்டை எடுத்தாள். நான் கத்தினேன். "நாப்பது வருஷமா பெட்டியில கெடக்கு. இப்பவாச்சும் வெளிய வரட்டும்" என்றாள். வெட்டிய துண்டுகளைத் தரையில் பரப்பி, நகர்த்தி, குண்டூசி குத்தி, ஸ்டூலில் ஏறி நின்று பார்ப்பாள். அந்த நாட்களில் நான் அடுப்படிக்குச் சுவரோரமாகத்தான் போய்வர வேண்டும். இரண்டு மாதத்தில் மாடு வந்துவிட்டது. ஆனால் சும்மா நின்றது. உயிரே இல்லை என்று சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள்.

ஒருநாள் ஷேர் ஆட்டோ ஓட்டும் அழகுபாண்டி வண்டி துடைத்துக்கொண்டிருந்த மஞ்சள் பனியனைக் கேட்டு வாங்கி வந்தாள். அதை ஓர் ஆளாக வெட்டித் திமிலில் தொங்கவிட்டாள். படத்தில் மாடு துள்ளிக் கிளம்பிவிட்டது. எனக்கே புல்லரித்தது. கோட்டு போனால் போகட்டும் என்று அப்போதே மன்னித்துவிட்டேன்.

அது மாடுபிடி வீரர்களுக்குக் கொடுக்கிற பனியன், முதுகில் இருந்த 27 அழகுபாண்டியின் நம்பர் என்பதெல்லாம் ரூத்துக்குத் தெரியாது. ஜல்லிக்கட்டன்று கதவைச் சாத்திக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்துவிடுகிறவள் அவள். நம்பர் பார்க்க நன்றாயிருந்தது, அப்படியே தைத்துவிட்டாள்.

அழகுபாண்டி அதைப் போனில் படம் எடுத்து டீக்கடை முழுக்கக் காட்டினான். "மாசி மாசம் வக்கீல நான் அணஞ்சேன்னு சொன்னா ஒருத்தனும் நம்பல. இப்பப் பாருங்கடா, டீச்சரே தச்சிருக்காங்க!"

நல்லகாமன் கிரீஸ் கையோடு ஓடி வந்தார். "ஆறு வருஷப் பேரு டீச்சர். ஒரு பனியனால போகுது. அந்தப் பயல எறக்குங்க."

"அவன எறக்குனா படமே செத்துரும் தம்பி."

"எறக்காட்டி நான் தெருவுல தல காட்ட முடியாது."

ரூத் இரண்டு நாள் படத்தின் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் சின்னக் கத்தரியை எடுத்தாள். தைக்க மூன்று வாரம் ஆன ஆளைப் பிரிக்க ஒரே மத்தியானம். ஒவ்வொரு நூலாக இழுத்துப் போட்டாள். நல்லகாமன் மேல் எனக்கு வந்த கோபத்தைக் காபி போடுவதில் காட்டினேன், பால் பொங்கி வழிந்துவிட்டது.

மறுநாள் அவர் சரிபார்க்க வந்தார். ஆள் இல்லை. ஆனால் ஊசி போன ஓட்டைகள் திமிலைச் சுற்றி வரிசையாக இருந்தன.

"இது மறையாதா டீச்சர்?"

"மறையாது."

ஓட்டைகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த பனியன் ஆளை எடுத்து, திமிலுக்கு அந்தப் பக்கம் செருகுவதுபோல் பிடித்தார்.

"நீங்க வச்ச எடம் தப்பு டீச்சர். அவன் இங்கிட்டு இல்ல, அங்கிட்டுத் தொங்குனான். இங்கயிருந்து பாத்தா ரெண்டு கையும் மண்டையும்தான் தெரியும்."

"யாரு?"

"அழகுபாண்டிதான். சின்ன ஊரு, கூட்டமில்ல. மூணு துள்ளு தாங்குனான், விடவே இல்ல. நான்தான் வெளிய சொல்லல."

ரூத் கண்ணாடியைக் கழற்றினாள். "நான் பிரிக்கிறதுக்கு முன்னாடி இதச் சொல்றதுக்கு என்ன கேடு?" என்று பள்ளிக்கூடக் குரலில் கத்தினாள். பட்டறை முதலாளி கைகட்டி நின்றார்.

"அங்கிட்டு வச்சா முதுகு நம்பர் தெரியாதே?" என்றேன் நான்.

"அதத்தான் சார் நானும் யோசிச்சேன்" என்றார், முகம் கொஞ்சம் தெளிந்து.

ரூத் பனியனைப் பிடுங்கினாள். கையையும் தலையையும் திமிலுக்கு மேலே குத்தினாள். 27ஐத் தனியாக வெட்டி, படத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத் துணியில் திமிலுக்கு நேராக வைத்தாள். ஊசியில் நூல் கோத்து அவரிடம் நீட்டினாள். "இத நீங்க தைங்க."

இரும்பைக் கடைகிற கை அது. சாயங்காலம் வரைக்கும் தைத்தார், விரலில் நாலு இடத்தில் குத்திக்கொண்டார். தையல் கோணல்மாணலாக வந்தது, ரூத் திருத்தவில்லை. கடைசி முடிச்சைப் போட்டு நூலைப் பல்லால் கடித்தார். வாசலுக்குப் போய், டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டார்: "எலேய் அழகுபாண்டி! இங்கிட்டு வா, ஒன் நம்பரு சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லு."