மாமாவைப் பற்றித் தெரு சொன்னது

என் மாமா பாளையங்கோட்டை ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவர் என்பது மேலகரத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும். தெருவுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் மாமாதான்.

மாமா அம்மாவின் தம்பி. தென்காசியில் ஒரு கடையில் செல்போன் ரிப்பேர் பார்த்தார். மீதி நேரத்தில் ராப் பாடினார். அரிவாள், போலீஸ் ஜீப், பழிக்குப் பழி, இவைதான் பாட்டு. சத்தம் வெளியே போகாமல் தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு போனில் பதிவு செய்து யூடியூபில் ஏற்றுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு கோழிக்கடைக்குப் போவேன். கோழியை அறுக்கும்போது அவர் ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். பையை நான்தான் வாங்குவேன். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு.

அவருடைய ஒரு பாட்டை எதிர்பாராமல் நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். சென்னையிலிருந்து ஒரு பெரிய மியூசிக் கம்பெனி கூப்பிட்டது. எட்டுப் பாட்டு, ஒரு ஆல்பம் என்று ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த கையோடு மாமா வேலையை விட்டார். ஆல்பம் வெளிவரும் வரைக்கும்தான் என்று சொல்லி எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்தார். கம்பெனி தேதியைத் தள்ளிக்கொண்டே போனது. அடுத்த வருடக் குற்றாலச் சாரலும் வந்துவிட்டது.

இந்த மாதிரிப் பாட்டைப் பாடுகிறவன் அதை வாழ்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். தான் வாழ்ந்தவன்தான் என்று மாமாவும் சொல்லிவிட்டு வந்திருந்தார். அப்படியானால் உங்கள் தெருவுக்கு ஆள் அனுப்பி, அக்கம்பக்கத்தில் பேச வைத்து ஒரு வீடியோ எடுப்போம் என்றார்கள். என்றைக்கு என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் இயல்பாக இருக்காதாம்.

ஆகவே மாமா தெருவைத் தயார்செய்தார். முக்கியமானவர்கள் மூன்று பேர்: முனையில் டீக்கடை வைத்திருந்த அண்ணாச்சி, இஸ்திரி வண்டிக்காரர், எதிர்வீட்டு மதினி. மாமா ஜெயிலில் இருந்தவர், ஒருவனை வெட்டியவர், இப்போது திருந்திப் பாட வந்திருக்கிறார் என்பதுதான் பாடம். மூவருக்கும் அது பிடித்திருந்தது. அண்ணாச்சிக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

“வெட்டுனது கையா, காலா? ஒண்ணச் சொல்லு தம்பி. ஆளுக்கு ஒண்ணு சொன்னா அசிங்கமாப் போயிரும்.”

மாமா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கை என்றார்.

“இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ரவுடின்னா எவன்லே நம்புவான்?” என்றாள் மதினி. “தாடியாவது வளருலே.”

இதே சமயத்தில் அம்மா அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவகிரியில் ஓர் இடம் கூடிவருவதுபோல் இருந்தது. பெண்ணின் படத்தை மாமா போனில் வைத்திருந்தார். எனக்கே ஒரு தடவைதான் காட்டினார். எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கும் முன்பு, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் வந்து தெருவில் விசாரிப்பார்கள். வீட்டுக்காரர்கள் சொல்வதைவிட டீக்கடையில் சொல்வதற்குத்தான் மதிப்பு. அவர்களும் வருகிற நாளைச் சொல்லமாட்டார்கள். இரண்டு தரப்பும் சொல்லாமல்தான் வரும் என்பது வீட்டில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஆனி மாதம், குற்றாலத்தில் நல்ல தண்ணீர். ஊர் முழுக்க வெளியூர் வண்டிகள். ஒரு வெள்ளைக் காரில் இரண்டு பேர் வந்து டீக்கடையில் இறங்கினார்கள். ஒருவர் கூலிங்கிளாஸ் போட்டிருந்தார், கையில் பெரிய போன். மாமாவின் பெயரைச் சொல்லி, ஆள் எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் மதினி எங்கள் அடுப்படிக்கே வந்து சொன்னாள்.

“கம்பெனிக்காரங்க வந்துட்டுப் போயிட்டாங்கட்டி. நான் சொல்லச் சொல்ல ஒருத்தனுக்கு வேர்த்துட்டு.”

அம்மா அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் தரகர் போன் செய்து, சிவகிரிக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். காரில் வந்தது பெண்ணின் தாய்மாமனும் சித்தப்பாவும். அம்மா முதலில் சிரித்தாள். பிறகு அரிசிச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

மாமாதான் திடமாக இருந்தார். நேரில் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றார். கம்பெனிக்குத் தெரிந்துபோகும், ஆல்பத்தை நிறுத்திவிடுவார்கள் என்று அம்மா சொன்னதற்கு, “நிறுத்தட்டும்க்கா, நான் அந்தப் பொண்ணக் கட்டிக்கிடுதேன்” என்றார். அதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். சாட்சிக்கு டீக்கடை அண்ணாச்சியையும் கூட்டிப்போவது என்று முடிவாயிற்று. அவர் கடையைச் சாத்திவிட்டு வர ஒப்புக்கொண்டார். மாமா வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வாங்கிப் போட்டுக்கொண்டார்.

கிளம்பும் முன், தெருவில் இன்னும் என்னென்ன சொன்னார்கள் என்று தெரிந்துகொண்டால் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லலாம் என்று அம்மாவுக்குத் தோன்றியது. தரகருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அப்பா அன்றைக்கு உரக்கடை வேலைக்குப் போகாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

ஜெயிலில் இருந்தார் என்றார்கள் என்றார் தரகர். மாமா தலையாட்டினார். ஒருவன் கையை வெட்டினார் என்றார்கள். “வலது கையா, இடது கையா?” என்று மாமா கேட்க, அம்மாவும் நானும் சிரித்தோம்.

தரகர் சிரிக்கவில்லை. “அது போகட்டும்மா. இன்னொண்ணும் சொல்லியிருக்காங்க. அக்கா வீட்டுல வந்து உக்காந்தவன் ஒரு வருசமா எந்திரிக்க மாட்டேங்கான். மச்சான் படுக்க இடமில்லாம அடுப்படியில படுக்காரு. இதுல ஒரு பொண்ணையும் கட்டிட்டு வந்தா அவளுக்கும் சேத்து அங்கனதான் எலை போடணும். இத நான் சொல்லல, டீக்கடையில சொன்னது.”

அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார். தினமும் காலையில் அவர் டீ குடிப்பது அந்தக் கடையில்தான்.

நான்தான் கேட்டேன். “அதையும் நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்களா மாமா?”

“ஆமாட்டி” என்றார் மாமா. “நாந்தான் சொல்லிக்குடுத்தேன்.”

சட்டையைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தார். சிவகிரிக்குப் போக வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னார். அண்ணாச்சிக்கும் ஆள் அனுப்பிச் சொல்லியாயிற்று. மறுநாள் சென்னைக்கு பஸ் ஏறினார். பாட்டுதான் பெரிது என்று பெண்ணை விட்டுவிட்டான் என்று அம்மா இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அப்பா அதை மறுப்பதில்லை.

கம்பெனியிலிருந்து விசாரிக்க யாரும் கடைசிவரை வரவில்லை. ஆல்பம் மட்டும் தீபாவளியை ஒட்டி வெளிவந்தது. கொஞ்சம் பேர் கேட்டார்கள். இன்னொன்று செய்யக் கம்பெனி கூப்பிடவில்லை. மாமா சென்னையிலேயே ஒரு செல்போன் கடையில் சேர்ந்துவிட்டார். யாராவது இறந்தால் துட்டி கேட்க மட்டும் ஊருக்கு வருவார். வந்தால் எங்கள் வீட்டில் தங்குவதில்லை.

ஆல்பம் வந்த அன்று அம்மாவின் போனை வாங்கிக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்து எட்டுப் பாட்டையும் கேட்டேன். ஜெயில் வந்தது. கை வெட்டு வந்தது. அக்கா வீட்டுச் சோறும் அடுப்படியில் படுக்கிற மச்சானும் எந்தப் பாட்டில் வருகிறார்கள் என்று மறுபடியும் முதலிலிருந்து தேடிப் பார்த்தேன். இல்லை. மாமா எழுதியதைக் கம்பெனிக்காரர்கள் வெட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.