சிரிப்பு எடுக்காத நாள்

அன்று அபிராமபுரத்துப் படப்பிடிப்பு வீட்டில் இருந்தது டைரக்டர், கேமராமேன், இன்ஸ்பெக்டராக நடித்தவர், துணை நடிகரான என் அப்பா, லீவு என்று அவரோடு போன நான். இன்று மயிலாப்பூர் டீக்கடை டிவியில் ஒரு போலீஸ் தொடர். கான்ஸ்டபிள் சுடப்பட்டு விழுந்ததுமே அந்த வீடு கண்முன் வந்துவிட்டது.

அப்பாவும் அப்படித்தான் விழுந்தார். கஞ்சி போட்ட காக்கிச் சட்டையில் குங்குமமும் தேங்காயெண்ணெயும் கலந்த ரத்தம். சினிமாவில் செத்ததாக நடித்தவரை உடனே எழுப்பி, சிரிக்கவைத்து ஒரு ஷாட் எடுப்பது வழக்கம். எடுக்காவிட்டால் ஆயுளுக்கு ஆகாதாம்.

"சார், சிரிப்பு எடுக்கலியே?" என்றார் அப்பா.

"வெளிச்சம் போய்க்கினு கீதுப்பா. நாளைக்கு எடுத்துக்கலாம்" என்றார் கேமராமேன்.

செத்துப்போன கான்ஸ்டபிளை நாளைக்கு யார் கூப்பிடுவார்கள்? கூப்பிடவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

"இன்னாடி மொறைக்கிற?"

"ஒரு தபா சிரி நைனா."

பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "போதுமா?"

"இங்க கேமரா இல்லியே."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வருடமே, ஏழாவதோடு, பள்ளிக்கூடத்தை விட்டேன். எனக்குப் படிப்பு ஏறவில்லை என்று வீட்டில் நினைத்தார்கள். நான் அப்பா போன படப்பிடிப்புக்கெல்லாம் கூடவே போனேன். அவர் செத்த நாளெல்லாம், சிரிப்பு எடுத்து முடிக்கும்வரை, கேமராவை விட்டு நகரவில்லை.