நீல உதட்டு மகாராணி

சின்ன வயதில் நாலு எட்டு ஓடினாலே எனக்கு மூச்சு வாங்கும்; அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவேன். கோயில் வரிசை, பள்ளிக்கூடப் பிரார்த்தனை, எங்கேயும் இதே ஆசனம்தான். வேறு வீடாக இருந்தால் பயந்திருப்பார்கள். எங்கள் வீட்டிலோ அம்மாவும் அத்தையும் தினமும் போடிமெட்டு ஜீப்பில் ஏறி மலைமேல் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள். ஏலக்காய் செடியின் தூரில் காய்க்கும். குந்தித்தான் பறிக்க வேண்டும். அத்தைக்கு ஒரே பெருமை.

“பாருங்க மதினி, இப்பவே காயெடுக்க ஒக்காந்து பழகுறா!”

என் உதடு நீலமாக இருந்ததற்கும் காரணம் வைத்திருந்தார்கள்: மலைக்குளிர். அடிவாரத்து வெயிலில் வேர்த்துக்கொண்டு நின்றவளுக்கு என்ன குளிர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆறு வயதில் ஒருநாள் அழுத அழுகையில் நினைவு தப்பியது. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே டாக்டரம்மா படம் வரைந்து சொன்னார். பிறக்கும்போதே என் இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை. நுரையீரலுக்குப் போகும் வழியும் குறுகல். அதனால் கெட்ட ரத்தத்தில் ஒரு பங்கு நுரையீரல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல், ஓட்டை வழியாக உடம்புக்கே திரும்பிவிடுகிறதாம். பக்கத்துக் கட்டில் பாப்பாவுக்கு ஓட்டை மட்டும்தான். அவளுக்கு நேர்மாறாக நுரையீரலுக்கு அளவுக்கு மீறி ரத்தம் போனது. மூச்சு இரைத்தாலும் உதடு சிவப்பு. எனக்குப் பொறாமையாக இருந்தது.

“இவ ஒக்கார்றது பழக்கமில்லம்மா. காலை மடக்கினா கால் பக்கம் ரத்தம் போறது தடைபடும். அப்ப நுரையீரலுக்குக் கொஞ்சம் கூடுதலாப் போகும். மூச்சுக்கு இவளாக் கண்டுபிடிச்ச வழி” என்றார் டாக்டரம்மா. அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆபரேஷன் வரைக்கும் பிள்ளையை அழவிடக் கூடாது, அழுதால் உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னார். அது என் காதிலும் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் என் ராஜ்யம்தான். நான் உதட்டைப் பிதுக்கினால் அப்பா டிவி ரிமோட்டை நீட்டிவிடுவார். அம்மா மட்டும் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்காது.

ஓட்டையை அடைத்து, குறுகலை அகலமாக்கி அனுப்பினார்கள். தையலெல்லாம் ஆறிய பிறகு, பழைய அதிகாரத்திலேயே அத்தையின் புதுச் சேலையில் பேனாவால் பூ வரைந்தேன். அம்மா என் தொடையில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

வீட்டுக்கூரை அதிர அலறினேன். அப்பா பதறி ஓடிவந்தார். அடித்த அம்மாவே என் முகவாயைப் பிடித்து உதட்டைப் பார்த்தாள். செக்கச்செவேல் என்று இருந்தது.

“அழு ஆத்தா” என்றாள், தானும் அழுதுகொண்டே. “இன்னும் நல்லா அழு.”