எண்பதும் இடது கை

தையற்கூடத்தில் அவளுக்கு டேப்பக்கா என்று பெயர். கழுத்தில் தொங்கும் அளவு டேப்பைச் சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டாள். இருபத்திரண்டு வருடமாகத் துணி வெட்டுகிறாள். ஒருவருக்கு ஒரு தடவை அளவெடுத்தால் போதும், ஆறு மாதம் கழித்தும் நோட்டைப் பார்க்காமல் சொல்வாள். கொஞ்சம் கர்வக்காரிதான். இருக்கட்டுமே, வேலை தெரிந்தவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

படியில் வழுக்கி விழுந்ததில் ஆரம்பித்தது வலி. கழுத்தில் கிளம்பித் தோள் வழியாக வலதுகை விரல் வரை இறங்கும். காயம் ஆறிய பிறகும் வலி மட்டும் காலி செய்ய மாட்டேன் என்று மூன்று வருடம் குடியிருந்தது. முதலில் தூக்கம் போயிற்று. பிறகு ஞாபகமும் தடுமாறியது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, எதற்குப் பற்றவைத்தோம் என்று நிற்பாள்.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு நாற்பது சட்டை வந்தது. உள்பக்கம் வேறு, வெளிப்பக்கம் வேறு என்று தெரியும் துணி. பரப்பும்போது ஒன்றை மேலே பார்க்க, அடுத்ததைக் கீழே பார்க்க மாற்றி மாற்றிப் போட வேண்டும். அப்போதுதான் ஒரே வெட்டில் இடதும் வலதுமாகச் சட்டைக் கைகள் ஜோடியாக வரும். வெட்ட வந்த முதல் நாளே கற்றுக்கொள்ளும் சங்கதி. அவள் அத்தனையையும் மேலே பார்க்கப் பரப்பி வெட்டிவிட்டாள். எண்பதும் இடது கை!

முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "கொஞ்ச நாள் பட்டன் பக்கம் உக்காருங்கக்கா" என்று மட்டும் சொன்னார். டேப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு பட்டன் டப்பா முன்னால் போய் உட்கார்ந்தாள். இனி வெட்டு மேசைக்குத் திரும்பவே முடியாதோ என்ற பயம், வலியைவிட அதிகமாக வலித்தது.

நரம்பு டாக்டரம்மா ஒரு கருவி கொடுத்தார். தீப்பெட்டி அளவு பெட்டி, அதிலிருந்து ஒரு வயர், அதன் நுனியில் காதில் மாட்ட ஒரு கிளிப்.

"மூளைக்குப் போற நரம்பு ஒண்ணு காதைத் தொட்டுட்டுப் போகுது. அதை லேசான கரண்ட்டால தட்டிட்டே இருந்தா வலி அடங்கலாம். வலி அடங்கினா கவனமும் திரும்பலாம். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன். மூணு மாசம் பாப்போம்."

காலையும் மாலையும் அரை மணி நேரம் காதில் கிளிப்போடு உட்கார்ந்திருப்பாள். பஸ் ஓட்டும் புருஷன் விடுவாரா? "என்ன, பாட்டு ஏதாவது வருதா?" என்று தினமும் கேட்பார்.

முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பொறுமை போய், பெட்டியில் கரண்ட்டைக் கூட்டும் திருகை, நாலில் இருக்க வேண்டியதை, எட்டுக்குத் திருப்பினாள். காது சிவந்து எரிந்ததுதான் மிச்சம். அடுத்த தடவை டாக்டரம்மாவிடம் போனபோது அங்கிருந்த நர்ஸ் கண்டுபிடித்துவிட்டாள்.

"கத்தரியை முரட்டுத்தனமா தள்ளினா துணி சீக்கிரம் வெட்டுப்படுமா, கிழியுமா?"

"கிழியும்" என்றாள் டேப்பக்கா. அவள் வாயை அடைக்க இத்தனை வருடத்தில் இப்போதுதான் ஒருத்தி வந்தாள்.

இரண்டாம் மாதம் ஒரு நாள் விடியும்வரை தூங்கினாள். வலி போய்விடவில்லை, பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி தள்ளி நின்று கேட்டது. இன்னொரு நாள் புருஷனின் பேண்ட்டை மடித்துக்கொண்டே, "இப்ப இடுப்பு முப்பத்தாறு. போன வருஷம் முப்பத்திநாலுதான்" என்றாள்.

"திரும்பி வந்த ஞாபகத்துக்கு என் தொப்பைதான் கெடச்சுதா?" என்றவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

மூன்றாம் மாதம். புதிதாக வந்த வெட்டுக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார், இன்னொரு ஆர்டர் சட்டைகளோ மறுநாள் போக வேண்டும். முதலாளி தயங்கித் தயங்கிக் கேட்டார். அவள் பைக்குள்ளிருந்து டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

துணியைப் பரப்பினாள், சாக்பீஸால் கோடு போட்டாள், கத்தரியை எடுத்தாள். கூடமே தையலை நிறுத்திவிட்டுப் பார்த்தது. கத்தரி துணியைத் தொடும் நேரத்தில் நின்றது.

"இருங்க" என்றாள். துணியின் ஓரத்தை விரலால் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பதினொன்றாவது துணி தப்பான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அவளே போட்டதுதான். முதலாளியின் முகம் வெளுத்தது.

அவளுக்கோ சிரிப்பு வந்தது. தப்பு எப்போதும் வரும். அது கண்ணில் படாமல் போனதுதானே இத்தனை நாள் வியாதி! மேலே இருந்தவற்றை எடுத்து அதைத் திருப்பிப் போட்டு, மறுபடி அடுக்கி, ஒரே மூச்சில் வெட்டினாள்.

முதலாளி அடுக்கின் மேலிருந்து இரண்டு சட்டைக் கைகளை எடுத்துச் சேர்த்துப் பிடித்தார். ஒன்று இடது, ஒன்று வலது. பிறகு போய், அவள் இடத்திலிருந்த பட்டன் டப்பாவைத் தானே தூக்கி அலமாரியில் வைத்தார்.